மெரினாவுல கிடக்குறது எங்க மணலுங்க!

போன இதழ்ல ஒரு வாசகர் 'நீங்க எந்த ஊரு'ன்னு கேட்டதுக்கு "ராயபுரம், கல்மண்டபம் பக்கம்"னு ஒரே வரி எழுதிட்டு விட்டுட்டேன். அவ்ளோதான், அதுலேருந்து தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்வியில பாதிக்கு மேல ராயபுரத்த பத்திதான். மீன் குழம்புக்கு டிப்ஸ் கேட்டவங்க, மாமியார் பிரச்சினை எழுதுனவங்க எல்லாம் கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல கண்டிப்பா. இந்த தடவை ஃபுல்லா எங்க வட சென்னை ஏரியாதான்.

கேள்வி: ராயபுரம்னா விஜயநகர ராயர் கட்டுன ஊருன்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சு சொல்றாரு. நிஜமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

உங்க வீட்டுக்காரர்கிட்ட மெதுவா சொல்லுங்க, எங்க ஏரியால யாரும் அப்படி சொல்லி நான் கேட்டதே இல்ல. அங்க எல்லாரும் சொல்றது மாதா கோயில் தெரு பக்கம் இருக்குற புனித இராயப்பர் சர்ச்ச வச்சுதான். கிறிஸ்தவங்கள்ல கத்தோலிக்கருக்கு இது புதுசா இருக்காது, பீட்டர்னா தமிழ்ல இராயப்பர், பால்னா சின்னப்பர். ஜூன் 29 ரெண்டு பேருக்கும் சேர்த்து திருநாள். ஏசுவோட சீடர் பீட்டர் யாரு, வலை வீசுனவரு, மீன்காரரு. அவரு பேருல கோயில் கட்டுனவங்க யாரு, படகுக்காரங்க. பொருத்தம் அப்படி.

இந்த படகுக்காரங்க கதைய கொஞ்சம் சொல்லியே ஆகணும். அப்பல்லாம் மெட்ராஸுக்கு துறைமுகமே கிடையாது, கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேருந்து ஆளையும் சரக்கையும் கரைக்கு கொண்டாரணும்னா நடுவுல ஆளையே புரட்டிப் போடுற அலை. அதுக்குன்னே இருந்ததுதான் மசூலா படகு. பலகைய ஆணி அடிச்சு சேர்க்க மாட்டாங்க, கயித்தால தச்சிருப்பாங்க, அலை அடிச்சா படகு உடையாது, லேசா வளைஞ்சு கொடுக்கும். லண்டன்லேருந்து ஆறு மாசம் கப்பல்ல வந்த துரையா இருந்தாலும் சரி, கடைசி கொஞ்ச தூரம் நம்ம ஆளு தோள் மேல ஏறித்தான் மெட்ராஸ்ல கால் வைக்கணும், அதுவும் தொப்பலா நனைஞ்சு. அந்த படகுக்காரங்க குடியிருந்த இடம்தான் எங்க ஊரு, அவங்க தங்களுக்குள்ள சேர்த்து வச்ச பணத்துல 1820கள்ல எழுப்புனதுதான் அந்த சர்ச்.

கேள்வி: ராயபுரம் சென்னைக்குள்ளதானே இருக்கு, ஏன் சில பேர் புறநகர்னு எழுதுறாங்க? (கல்லூரி மாணவர், சேலம்)

இப்ப உள்ளதான் தம்பி, ஆனா பொறந்தப்ப வெளிய. ஹைதர் அலி குதிரைப்படை 1760கள்ல மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்து பயமுறுத்திட்டுப் போனதும் கம்பெனிக்காரங்க அலறிப்போய் இன்னிக்கு ஜார்ஜ் டவுன்னு சொல்ற ஏரியாவ சுத்தி ஒரு பெரிய மதில் எழுப்புனாங்க. செலவுக்கு ஜனங்ககிட்ட வரி போடலாம்னு பாத்தாங்க, வரி வசூலாகல, ஆனா வால்டாக்ஸ் ரோடுன்னு பேரு மட்டும் நின்னுடுச்சு. வடக்கு மதிலுக்கு அந்தாண்ட இருந்தது நாங்க. மதில்ல மிச்சம் இருக்குற ஒரு துண்டு மேலதான் மாடிப் பூங்கா இருக்கு, ஏறிப் பாருங்க, பூங்காவுக்கு படிக்கட்டு ஏறிப்போற ஊரு வேற எங்கயும் இருக்கான்னு எனக்கு டவுட்டு. கடலோரம் பீரங்கி வச்ச மூலைக்கு க்ளைவ் பேட்டரின்னு பேரு. சின்ன வயசுல நானு பேட்டரின்னா டார்ச் லைட் பேட்டரி கம்பெனி அங்க இருந்திருக்கும்னு ரொம்ப வருஷம் நெனச்சிருக்கேன், கண்டக்டரும் டிக்கெட் கிழிக்கும்போது "பேட்டரி, பேட்டரி"ன்னுதான் கத்துவாரு.

அந்த மதில் மண்ணோட போச்சு, ஆனா சில பேரு மனசுல இன்னும் இருக்கு. அத கடைசில வேற ஒரு கேள்விக்கு சொல்றேன்.

கேள்வி: இந்தியாவோட முதல் ரயில்வே ஸ்டேஷன் ராயபுரம்னு ஃபார்வர்டு மெசேஜ் வந்துச்சு. உண்மையா சார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

சார் இல்லைங்க, மேடம். முதல்ல ஃபார்வர்டு மெசேஜ திருத்திடுவோம். முதல் பயணிகள் ரயில் பம்பாயிலேருந்து தானாவுக்கு, 1853 ஏப்ரல். அடுத்து கல்கத்தா பக்கம் ஹவுரா, 1854. நாங்க மூணாவது, 1856. ஜூன் 28-ம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு வந்து திறந்து வச்சாரு, ஜூலை 1-லேருந்து ஜனங்க ஏறுனாங்க, இங்கேருந்து ஆற்காடு, அதாவது இப்ப வாலாஜா ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன் வரைக்கும், சுமாரா 100 கிலோமீட்டர். தென்னிந்தியாவுக்கு இதுதான் முதல் பயணிகள் ரயிலு. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் இராயப்பர் திருநாள் பாருங்க, அந்த வருஷம் எங்க ஊர்ல என்னா கூட்டம் இருந்திருக்கும்னு நெனச்சுப் பாப்பேன்.

ஆனா ஒரு விஷயத்துல நாங்கதான் ஃபர்ஸ்ட். பம்பாயில முதல்ல இருந்த ஸ்டேஷனும் இல்ல, ஹவுரால முதல்ல இருந்ததும் இல்ல, ரெண்டையும் இடிச்சு பெருசா கட்டிட்டாங்க. ராயபுரம் கட்டடம் மட்டும்தான் அப்படியே நிக்குது. நாட்டுல இன்னும் நிக்குற ஸ்டேஷன்ல பழசு இதுதான். ஏன் நின்னுச்சுன்னு கேட்டா பெருமைப்படுற மாதிரி பதில் இல்ல சார், யாரும் கண்டுக்கல, அதனால நின்னுச்சு. 1873-ல சென்ட்ரல் வந்துச்சு, 1908-ல எழும்பூர் வந்துச்சு, பெரிய வண்டியெல்லாம் ஒவ்வொண்ணா அங்க போயிடுச்சு, இங்க கூட்ஸ் வண்டியும் புறாவும்தான். இடிச்சு கட்டுற அளவுக்குக்கூட யாருக்கும் தேவைப்படல. 2005-ல புதுப்பிச்சு சிவப்பு வெள்ளை பெயின்ட் அடிச்சு அழகா வச்சாங்க. மூணாவது டெர்மினலா ஆக்குங்கன்னு எங்க ஏரியா ஆளுங்க மனு மேல மனு கொடுத்தாங்க, தாம்பரத்துக்கு போச்சு.

நேர்ல போனா முகப்புல இருக்குற உசரமான தூண்கள பாருங்க, தலையில இலை இலையா செதுக்குன மாதிரி இருக்கும், கொரிந்தியன்னு சொல்வாங்க, கிரேக்கத்து ஸ்டைல். நாங்க பசங்களா இருக்கும்போது மத்தியானத்துல அந்த ஹால் உள்ள ஈ காக்கா இருக்காது. என் தம்பி நடுவுல நின்னு "ஆற்காடு போற வண்டி"ன்னு கத்துவான், கூரையிலேருந்து "வண்டி... வண்டி"ன்னு திரும்பி வரும். ஒரு ஆடு மட்டும் படுத்துகினு எங்கள பாக்கும்.

கேள்வி: மெரினா உலகத்துலயே பெரிய பீச்சுல ஒண்ணு. அதுக்கு ரொம்ப பக்கத்துல இருக்குற ராயபுரம் காசிமேடு பக்கம் ஏன் பீச்சே இல்ல, வெறும் பாறாங்கல்லா கொட்டிக் கிடக்கு? (மெரினாவுக்கு சுற்றுலா வந்து போன ஒருவர், கோயம்புத்தூர்)

வாங்க வாங்க, இந்த கேள்விக்காகத்தான் காத்துகினு இருந்தேன். மெரினால நீங்க சுண்டல் சாப்புட்டு, குதிரை ஏறி, செருப்ப கையில புடிச்சுகினு நடந்தீங்களே, கால் வலிக்க வலிக்க தண்ணியே வராம அவ்ளோ மணலு, அதுல பெரும்பங்கு எங்களுக்கு வர வேண்டியது. சும்மா சொல்லல, கணக்கு இருக்கு.

நம்ம கிழக்குக் கரையில மணலு ஒரு இடத்துல உக்காராது, நடந்துகினே இருக்கும். வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை தெக்கேருந்து சாய்வா வந்து அடிக்கும், மணல வடக்கு பக்கமா தள்ளிகினே போகும். ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து வந்தா திரும்ப தெக்கால தள்ளும், ஆனா அது கொஞ்ச நாளு, கொஞ்சம் மணலு. மொத்தத்துல கூட்டி கழிச்சா மணலு வடக்காலதான் போகும். ஒரு கரைக்கு தெக்கேருந்து எவ்ளோ வருதோ அவ்ளோ வடக்கால போயிடும், அதனால கரை அப்படியே இருக்குற மாதிரி தெரியும்.

1876-ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. கடலுக்குள்ள ரெண்டு கை நீட்டுன மாதிரி கல்லு சுவர் போட்டாங்க. தெக்கேருந்து நடந்து வந்த மணலு அந்த சுவர்ல முட்டி நின்னுடுச்சு, அங்கயே சேர்ந்துச்சு, சேர்ந்து சேர்ந்து கோட்டைக்கு எதிர்ல கடலு பின்னாடி போச்சு. அதுக்கு முன்னாடி கோட்டைய ஒட்டியே அலை அடிக்கும். 1884-ல கவர்னர் கிராண்ட் டஃப் அந்த கரையோரத்துல நடக்க ரோடு போட்டு மெரினான்னு பேரு வச்சாரு, அப்ப இருந்த மணல விட இப்ப பல மடங்கு. சுவருக்கு வடக்கால இருந்த எங்களுக்கு? தெக்கேருந்து வர்றது நின்னுடுச்சு, வடக்கால போறது நிக்கல. சம்பளம் நின்னு வாடகை மட்டும் கட்டுற வீடு மாதிரி ஆயிடுச்சு கரை. ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர்னு வடக்கால வடக்கால கடலு தின்னுகினே போச்சு.

துறைமுகக்காரங்களுக்கும் அது சுலபமா இல்ல, 1881 நவம்பர் புயல்ல கட்டுனதுல பாதி கடலுக்குள்ள போச்சு, திரும்ப கட்டுனாங்க. கிழக்க பாத்து இருந்த வாசல்ல மணலு அடைச்சுகினே இருந்துச்சு, 1904-ல பொறுப்புக்கு வந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அத மூடிட்டு வடகிழக்கு பக்கம் வாசல் வச்சாரு. கெட்டிக்காரரு, சந்தேகமே இல்ல. துறைமுகம் வந்ததால மெட்ராஸ் மெட்ராஸ் ஆச்சு, அதையும் நான் மறுக்கல, எங்க நைனாவே துறைமுகத்துல மூட்டை தூக்கித்தான் எங்கள படிக்க வச்சாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க, மசூலா ஓட்டி கப்பல் ஆளையெல்லாம் தோள்ல தூக்கி வந்தவங்களுக்கு துறைமுகம் வந்ததும் வேலையும் போச்சு, கொஞ்ச நாள்ல வீடு இருந்த கரையும் போச்சு.

எங்க ஆயா காசிமேடு போற வழியில ஒரு இடத்துல நின்னு, கல்லுக்கு அந்தாண்ட தண்ணிய கைய காட்டி, "அதோ அந்த அலை உடையுது பாரு, அங்கதான் எங்க அம்மா உலை வச்சுது"ன்னு சொல்லும். நான் அத சும்மா கதைன்னு நெனச்சேன். அப்புறம் வளந்து படிச்சுப் பாத்தப்பதான் ஆயா கணக்கு சரின்னு தெரிஞ்சுது.

இப்ப பாறாங்கல்ல நீளமா கொட்டி, கடலுக்குள்ள கொக்கி மாதிரி தூண்டில் வளைவு போட்டிருக்காங்க, அதுங்க சந்துல கொஞ்சம் கொஞ்சம் மணலு சேர்ந்திருக்கு. தூண்டில் வளைவுங்கிற பேர வச்சவங்க யாரோ நல்ல ரசனைக்காரங்க. ஆனா இங்க வளைவு போட்டா இதுக்கு வடக்கால இருக்குறவன் கரை அரிக்கும். இப்ப நாங்க அவங்களுக்கு மெரினா.

கேள்வி: ஸ்டான்லி ஆஸ்பத்திரிய எங்க பாட்டி 'கஞ்சித் தொட்டி'ன்னே சொல்லுவாங்க, ஏன்? (ஒரு வாசகி, வேலூர்)

பாட்டி சொல்றதுதான் பழைய பேரு. ஹைதர் அலி சண்டை நடந்தப்ப, கூடவே பஞ்சம், கிராமத்துலேருந்து ஜனங்க பட்டினியோட மெட்ராஸுக்கு ஓடி வந்தாங்க. 1782-ல அவங்களுக்கு கஞ்சி ஊத்த ஒரு இடம் ஆரம்பிச்சாங்க, மணியக்காரரு பாத்துகிட்டதால மணியக்காரர் சத்திரம், வெள்ளைக்காரன் வாயில அது 'மோனிகார்' ஆயிடுச்சு. கஞ்சி குடிக்க வந்தவனுக்கு சீக்கும் இருந்துச்சு, வைத்தியமும் பாக்க வேண்டியதாச்சு, அதுலேருந்து வளந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. 1938-ல மருத்துவக் கல்லூரி ஆச்சு, கவர்னர் ஸ்டான்லி பேரு. கை அறுந்தவங்களுக்கு ஒட்டவச்சு திரும்ப விரல் அசைய வைக்கிற கை அறுவை சிகிச்சை பிரிவுக்கு நாடு பூரா பேரு. மணியக்காரர் சத்திரம் இன்னிக்கும் முதியோர் இல்லமா இருக்கு. எங்க வீட்ல சாப்பாடு பிடிக்கலன்னு தட்ட தள்ளுனா "போ, கஞ்சித் தொட்டில போய் நில்லு"ன்னு திட்டு விழும்.

கேள்வி: ராயபுரத்துல பார்சிக்காரங்க கோயில் இருக்குன்னாங்களே, அவங்க எங்க இங்க வந்தாங்க? உள்ள போய் பாக்கலாமா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

உள்ள போக முடியாது, பார்சி இல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல, வெளியேருந்து பாக்கலாம். மேற்கு மாதா கோயில் தெருவுல இருக்கு. தமிழ்நாட்டுலயே ஒரே அக்னிக் கோயில் இதுதான். கிளப்வாலாங்கிற குடும்பத்துல ஜால்னு ஒரு பையன் செத்துட்டான், அவன் நினைவா அப்பா ஃபிரோஸ் கிளப்வாலா கட்டி 1910-ல திறந்தாரு. பார்சிங்க அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வியாபாரத்துக்கு வந்து இங்க நிலம் வாங்கிட்டாங்க. உள்ள அணையாம எரியுற நெருப்பு. மாதா கோயில் தெருவுல பார்சி கோயில், கேட்டா எங்க ஏரியா ஆளுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது.

இன்னொண்ணு, அரத்தூண் ரோடுன்னு ஒண்ணு இருக்கு. ஏதோ மண்டபம் இடிஞ்சு அரைத் தூணு மட்டும் நின்னதால அந்த பேருன்னு எங்க டீச்சரே சொல்லியிருக்காங்க. அது ஆர்மீனியன் பேருங்க, அரத்தூண். அப்புறம் பக்கத்துல தண்டையார்பேட்டை இருக்கே, அது ராமநாதபுரம் சீமை தொண்டியிலேருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு பேரால வந்தது. தொண்டியாருன்னு ஜனங்க கூப்புட்டாங்க, தொண்டியார்பேட்டை ஆச்சு, இப்ப தண்டையார்பேட்டை. முஸ்லிம் ஞானி, தாயுமானவர் வழியில தமிழ்ல பாடுனவரு, 1838-ல காலமானாரு, தர்கா எங்க பக்கம்தான். எல்லா சாமிக்காரங்களும் அங்க போவாங்க, கொழந்தைக்கு காய்ச்சல்னா மந்திரிக்க என்னையும் தூக்கினு போயிருக்காங்க.

கேள்வி: எம்டன் குண்டு போட்டது உங்க ஏரியாலயா? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

ரொம்ப பக்கம்மா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருட்டுல வந்து துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டேங்குகள சுட்டுச்சு, தீப்பிடிச்சு எரிஞ்சுது, அரை மணி நேரத்துக்குள்ள வேலைய முடிச்சுட்டு கிளம்பிடுச்சு. ஹைகோர்ட் மதில்ல இன்னும் கல்வெட்டு இருக்கு. யாராச்சும் நைசா வேலைய முடிச்சுட்டு நழுவுனா "சரியான எம்டன்"னு சொல்றோமே, அது இந்த கப்பல்தான்.

கேள்வி: காசிமேட்டுல மீன் வாங்க எத்தன மணிக்கு போகணும், ஏமாறாம வாங்குறது எப்படி? (அண்ணா நகர்லேருந்து நாலு பேர், தனித்தனியா)

நாலு பேரும் ஒரே கேள்வி, ஒரே அப்பார்ட்மென்ட்டா? சரி. விடிகாலை 4 மணிக்குள்ள போனா ஏலம் பாக்கலாம், 7 மணிக்கு போனா கூட்டம்தான் பாக்கலாம், ஞாயித்துக்கிழமை போனா மீன பாக்குறதே கஷ்டம், முதுகுதான் தெரியும். செருப்பு ரப்பர் செருப்பா இருக்கட்டும், வெள்ள வேட்டி வேணாம்.

ஏலத்துல நிக்குறது ஒரு தனி அனுபவம். லாஞ்ச்லேருந்து கூடை கூடையா இறக்கி தரையில கவுப்பாங்க, ஐஸ் தண்ணி காலு மேல ஓடும். ஏலம் விடுறவரு வேகமா ரேட்டு சொல்லிகினே போவாரு, வெளியாளுக்கு பாட்டு மாதிரி ஒண்ணும் புரியாது. வாங்குற பொம்பளைங்க வாயே திறக்க மாட்டாங்க, எங்க ஆயா ஏலத்துல கண்ண மட்டும் லேசா சிமிட்டும், ஏலக்காரரு "எடு"ன்னுவாரு, கூடை ஆயாவோடது. பக்கத்துல நிக்குற எனக்கே எப்ப வாங்குச்சுன்னு தெரியாது. மத்தவளுக்கு நம்ம ஆசை தெரிஞ்சா ரேட்டு ஏறிடும்டின்னு சொல்லும். புருஷன் இல்லாம அஞ்சு புள்ளைங்கள வளத்த கண்ணு அது.

நீங்க அவ்ளோ தூரம் போக வேணாம், ஏலத்துல மொத்தமா எடுத்து பக்கத்துலயே கூறு கட்டி விக்கிறவங்ககிட்ட வாங்குங்க. செவுள தூக்கிப் பாருங்க, ரத்த சிவப்பா இருக்கணும், காப்பிக்கொட்டை கலர்ல இருந்தா நகருங்க. கண்ணு முட்டிகினு தெளிவா இருக்கணும். விரலால அமுக்குனா குழி விழாம எழும்பணும். எல்லாரும் வஞ்சரம் வஞ்சரம்னு ஓடுவாங்க, வில அதுக்கேத்த மாதிரி. சங்கராவும் காணாங்கத்தையும் எவ்ளோ ருசி தெரியுமா, குழம்புக்கு காணாங்கத்தைய அடிச்சுக்க மீனு இல்ல, அண்ணா நகர்ல சொல்லாதீங்க, வில ஏத்திடுவாங்க. ஓரத்துல அருவாமனை வச்சு உக்காந்திருக்குறவங்ககிட்ட கொடுத்தா சுத்தம் பண்ணி துண்டு போட்டு கொடுப்பாங்க, பேரம் பேசாதீங்க ப்ளீஸ், கைய பாருங்க அவங்க கைய.

ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, மீன்பிடி தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்குற சமயம்னு விசைப்படகு கடலுக்கு போகாது, ஃபைபர் போட்டுல பக்கத்துல புடிக்கிறது மட்டும்தான் கிடைக்கும். அப்ப போய் 'என்ன இவ்ளோ வில சொல்றீங்க'ன்னு சண்ட போடாதீங்க.

கேள்வி: தி.மு.க. ஆரம்பிச்சது ராயபுரத்துலயா, ஜார்ஜ் டவுன்லயா? நண்பர்களுக்குள்ள பந்தயம். (டீக்கடை கோஷ்டி, மதுரை)

பந்தய காச ரெண்டா பிரிச்சுக்கோங்க. 1949 செப்டம்பர்ல கூடிப் பேசி முடிவு பண்ணது ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுல, முதல் பொதுக்கூட்டம் நடந்தது எங்க ராபின்சன் பூங்காவுல, கொட்டுற மழையில. அண்ணா பேசுனாரு, கூட்டம் கலையல. இப்ப அது அறிஞர் அண்ணா பூங்கா. அதுவும் பாருங்க, இங்க ஆரம்பிச்சு கோட்டைக்கு போயிடுச்சு, ரயிலு சென்ட்ரலுக்கு போன மாதிரி. காலைல அங்க வாக்கிங் போறவங்கள்ல பாதி பேரு கட்சி பேசுவாங்க, மீதி பேரு சுகரு பேசுவாங்க.

கேள்வி: வட சென்னைன்னாலே ரவுடி ஏரியாதானே, எப்படி அங்க வளந்தீங்க? தப்பா நினைக்காதீங்க. (ஒரு வாசகர், சென்னை தெற்கு)

தப்பாதான் நெனச்சேன், ஆனாலும் பதில் சொல்றேன். காலேஜ் முடிச்சுட்டு ஒரு கம்பெனில இன்டர்வியூ, எல்லாம் நல்லா போச்சு, பேப்பர்ல அட்ரஸ் பாத்துட்டு அந்த ஆளு "ராயபுரமா? அங்கல்லாம் ராத்திரி வெளிய போவீங்களா?"ன்னு கேட்டாரு. வேலை கெடைக்கல. அதே ரெஸ்யூம், மயிலாப்பூர் சித்தி வீட்டு அட்ரஸ் போட்டு வேற எடத்துக்கு அனுப்புனேன், கெடைச்சுது. முன்ன சொன்னேனே மதில்னு, அதுதான் இது. இன்னிக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல டாக்ஸிக்காரரு எங்க ஏரியா பேரு கேட்டா ட்ரிப்ப கேன்சல் பண்ணுவாரு.

கத்தி இல்லன்னு சொல்லல, இருந்துச்சு. ஆனா அதே தெருவுலதான் பாக்ஸிங்கும் இருந்துச்சு, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு பரம்பரை பரம்பரையா வாத்தியார் வச்சு கத்துகிட்டாங்க, எந்த பரம்பரைல நம்ம ஆளு ஜெயிச்சாருன்னு வீட்டுக்கு வீடு சண்ட. 1980-ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல கண்காட்சி ஃபைட் போட்டப்ப வட சென்னையே அங்கதான் இருந்துச்சும்பாரு எங்க நைனா, சட்டை கிழிஞ்சு வந்தாராம். கேரம் போர்டு இல்லாத தெருமுனை கிடையாது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுறவரு பொண்ணு, 2024-ல அமெரிக்கா போய் உலகக் கேரம் போட்டில மூணு தங்கம் ஜெயிச்சுது, அத பத்தி யாரும் எனக்கு கேள்வி அனுப்பல.

அப்புறம் எங்க பாஷைய கிண்டல் பண்ணி ஒரு கார்டு. கலீஜ், பேமானி, பேஜார், நாஸ்தா, எல்லாம் உருது பாரசீகம். கஸ்மாலம் அச்சு அசல் சமஸ்கிருதம், அழுக்குன்னு அர்த்தம். துட்டு, பழவேற்காட்டுல கோட்டை கட்டுன டச்சுக்காரங்களோட சின்னக் காசுலேருந்து வந்ததுன்னு சொல்வாங்க. ஒருத்தர திட்டுறதுக்கு மூணு நாலு நாட்டு பாஷை வச்சிருக்கோம், உங்க ஏரியால எத்தன?

கேள்வி: சுனாமிக்கு அப்புறம் அங்க இருந்த மீனவங்க எல்லாம் அங்கயேதான் இருக்காங்களா? (ஒரு வாசகி, கடலூர்)

நீங்க கடலூர், உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. நிறைய குடும்பத்த வட சென்னைக் கரையிலேருந்து பழைய மகாபலிபுரம் ரோட்டுல செம்மஞ்சேரிக்கு மாத்துனாங்க. வீடு கொடுத்தாங்க, சரி. ஆனா விடிகாலை 3 மணிக்கு காசிமேட்டுல ஏலத்துல நிக்கணும்னா செம்மஞ்சேரிலேருந்து என்னா பஸ்ஸு இருக்கு? எங்க ஆயாவோட தோழி ஒருத்தங்க அங்க போனாங்க, ஒரு வருஷத்துல மீன் யாவாரத்த விட்டுட்டு ஐ.டி. கம்பெனில டாய்லெட் கழுவ போனாங்க. கேட்டதுக்கு "இங்கயும் ஏசி இருக்குடி, ஐஸ் மாதிரியேதான்"னு சிரிச்சாங்க.

கேள்வி: ஆன்ட்டி, நானும் ராயபுரம்தான், பனைமரத்தொட்டி. எங்க மாடிலேருந்து பாத்தா கன்டெய்னர் லாரியும் கிரேனும்தான் தெரியுது, கடலே தெரியல. அப்புறம் எப்படி கடலோர ஊருன்னு எழுதுறீங்க? (ஏழாம் வகுப்பு மாணவன்)

நம்ம ஊரு புள்ள! நீ சொல்றது சரிதான், கடலுக்கும் நமக்கும் நடுவுல துறைமுகம் படுத்துகினு இருக்கு. ஒரு வேலை பண்ணு. லீவு நாள்ல அப்பாவ கூட்டிகினு பீச் ஸ்டேஷன் போ, அங்கேருந்து கும்மிடிப்பூண்டி போற எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறு, அடுத்த ஸ்டேஷனே ராயபுரம், அந்த பழைய கட்டடத்த பாரு, உள்ள நின்னு ஒரு தடவ கத்தியும் பாரு, யாரும் திட்டலன்னா. அப்புறம் காசிமேடு கல்லு மேல போய் நில்லு, வழுக்கும், அப்பா கைய புடிச்சுக்க.

திரும்பி வந்து உங்க தெருவுலயே ரொம்ப வயசான ஆயா யாருன்னு பாத்து, அவங்க சின்ன புள்ளையா இருந்தப்ப கரை எது வரைக்கும் இருந்துச்சுன்னு கேளு. அவங்க கைய எந்தப் பக்கம் காட்டுறாங்க, அங்க இப்ப என்னா இருக்குன்னு எனக்கு எழுது. எங்க ஆயா போனதுக்கப்புறம் எனக்கு கை காட்ட ஆளு இல்ல.